எனக்குக் கிடைக்காத ‘ஒல்சு’

ஓக்பினின் மேளக்காரருக்கு,

ஜியோன்ஜு நகர இசைப் போட்டிக்கு நானும் வந்திருந்தேன், கடைசி வரிசையில். ஓக்பின் மடியில் கயாகும் வைத்து மீட்டினாள். பக்கத்தில் உங்கள் ஜாங்கு மேளம். அவள் ஒரு தந்தியை அழுத்தி நடுக்கியதுமே “ஒல்சு!” என்று வாய்விட்டு மெச்சினீர்கள்.

கல்யாணமான நாளிலிருந்து என் கயாகுமுக்கு மேளம் வாசித்த நீங்கள், ஒருநாளும் அப்படி மெச்சியதில்லை. கேட்டதற்கு, “பொண்டாட்டிய மேடையில புகழ்ந்தா ஊரே சிரிக்கும்” என்றீர்கள். நம்பினேன்.

அடுத்த மாதக் கச்சேரியில் எனக்கு உங்கள் தம்பி ஹ்யோன்தேதான் மேளம். இன்று ஒத்திகையில் முதல் மீட்டலுக்கே “ஒல்சு!” என்றார். என் கை நின்றுவிட்டது.

“தப்பா சொல்லிட்டேனா அண்ணி?”

“இல்லப்பா. எனக்குப் பழக்கமில்ல.”

வீட்டுச் சாவி உங்களிடமே இருக்கிறது. தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள்.

இதுவரை உங்கள் மனைவி