தெற்குப் பனிமேடு

பிப்ரவரி 3, ஞாயிறு

இன்னும் ஏழு நாள். பனிக்கட்டி மேல் சறுக்கிப் பந்தடிக்கும் பேண்டி ஆட்டத்தின் உலகப் போட்டியில் ஒரே ஒரு ஆட்டம், பின்லாந்தும் நார்வேயும் ஆடுவது, எங்கள் ஊர் லோவ்ஷோவுக்குக் கிடைத்திருக்கிறது. ஆட்டம் நடக்கும் உறைந்த ஏரி ஆட்களைத் தாங்கும் என்று ஆட்டச் சங்கத்தின் தாளில் கையெழுத்திட வேண்டியவன் நான். இருபது வருடமாக நான்தான். கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கம், எண் போட்டு எழுதினால்தான் மனம் சற்று அடங்குகிறது. இந்த வாரம் எழுத வேண்டியவை:

1. பனிக்கட்டியின் கனம், நாள்தோறும்.
2. குளிர் எத்தனை பாகை, காற்று எந்தப் பக்கம்.
3. சங்கத் தலைவர் பீலுண்ட். என் அளவுகளை அவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. எதைச் சொன்னாலும் சிரிப்பார்.
4. என் பயம். (இதற்குத் தனி எண் எதற்கு? எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதே.)

பிப்ரவரி 4, திங்கள்

ஆடுகளத்தில் பதினாறு துளைகள் போட்டேன். குறைந்தது முப்பத்தொரு சென்டிமீட்டர், அதிகம் முப்பத்துநான்கு. மைனஸ் ஒன்பது. கறுத்துத் தெளிந்த நல்ல கட்டி. சந்தோஷப்பட வேண்டும்.

பிப்ரவரி 5, செவ்வாய்

மைனஸ் ஏழு. முப்பத்தொன்று. இரண்டு முறை அளந்தேன்.

பிப்ரவரி 6, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும்.

பீலுண்டின் மர ஆலை ஆட்கள் டிசம்பரிலிருந்தே ஆடுகளத்து வெண்பனியைத் தெற்கு ஓரமாகத் தள்ளிக் குவித்திருக்கிறார்கள். நெஞ்சளவு மேடு, நூறு மீட்டர் நீளம். கூட்டம் எப்போதும் அதன் மேல்தான் நிற்கும். அங்கே நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், சிவப்புப் பந்து கண்ணை விட்டுத் தப்பாது. இன்று மூச்சு வாங்க அதில் ஏறினேன். சும்மாதான் துளைக்கும் கருவியை இறக்கித் திருகினேன். வெண்பனியைத் தாண்டியதும் கட்டி வந்தது. வந்த வேகத்தில் தீர்ந்தது. பதின்மூன்று. துளை வழியே தண்ணீர் ஏறி, சுற்றியிருந்த வெள்ளையைச் சாம்பலாக்கியது.

எப்படி இதை யோசிக்காமல் இருந்தேன்? வெண்பனி ஒரு கம்பளி. மூடிய இடத்தில் குளிர் இறங்காது. வெறுமையாகக் கிடக்கும் ஆடுகளம் தடித்துக்கொண்டே போகிறது, மேட்டுக்கு அடியில் கட்டி டிசம்பரில் இருந்தபடியே கிடக்கிறது. அதன் மேல் குவியலின் பாரம் வேறு. இருபது வருடமாக, ஓடுகிற இருபத்திரண்டு பேரின் காலடியை மட்டும் அளந்திருக்கிறேன். நிற்கிறவர்களின் காலடியை ஒரு நாளும் அளக்கவில்லை. அப்போதெல்லாம் வந்தவர்கள் முந்நூறு பேர். ஞாயிற்றுக்கிழமை மூவாயிரம் பேர் என்கிறார்கள்.

பிப்ரவரி 7, வியாழன்

ஆலைக்குப் போனேன். பீலுண்டுக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கொடிக்கம்பங்களைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிட்டேன். கொடிக்கம்பங்கள்!

மதியம் பட்டாணி சூப். என் தங்கை டீரா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சூப்பக் கிண்டிக்கிட்டே இருக்கீங்களேண்ணா. யாரு செத்தது?"

"இன்னும் யாரும் இல்ல" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டின் நடுவில் காபி மேசை போட்டு ஊற்றப்போகிறவள் அவள்தான். அது நினைவுக்கு வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் காபி ஊத்தறவ. பீலுண்டுகிட்ட சொல்லுங்க."

பிப்ரவரி 8, வெள்ளி

மேட்டில் ஆறு துளை. பதின்மூன்று, பதினான்கு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பன்னிரண்டு. மைனஸ் இரண்டுதான்.

பீலுண்டிடம் போகவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன், கட்டி தாங்காது என்று ஒரு ஆட்டத்தை நிறுத்தினேன். மறுநாளே கடுங்குளிர் இறங்கி ஏரி கல்லானது. அன்றிலிருந்து, கால் நனையுமோ என்று பயந்தவன் என்று, இந்த ஊரில் என் பெயர் ஈரக்கால். இப்போது நிறுத்தினால் ஆட்டம் பக்கத்து ரோஸ்விக்குக்குப் போய்விடும். கட்டி தாங்கிவிட்டால்? தாங்காவிட்டால்? இரண்டுக்கும் பயப்படுகிறேன். ஒன்றுக்கு அதிகமாகப் பயப்பட வேண்டாமா, மனுஷா?

பிப்ரவரி 9, சனி

சொல்லிவிட்டேன்.

ஆலை அலுவலகத்தில் ஏழெட்டு ஆட்கள் இருந்தார்கள். என் கருவியைப் பார்த்ததும் பீலுண்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என்ன வாத்தியாரே, ஏரி உங்களப் பாத்துப் பயப்படுதா, நீங்க ஏரியப் பாத்துப் பயப்படறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் என் பூட்ஸைக் குனிந்து பார்த்து, இன்னும் நனையவில்லையே என்றான்.

கையெழுத்தில்லாத தாளை மேசையில் வைத்தேன். தெற்கு மேட்டில் ஓர் ஆள் நின்றாலும் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். குரல் பள்ளிப்பையனுடையதுபோலக் கீச்சிட்டது.

"அடியில எவ்வளவு?" என்றார் பீலுண்ட்.

"பன்னிரண்டு."

சிரித்துக்கொண்டிருந்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். தொப்பியை எடுத்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

ரோஸ்விக்கிலும் பனி அளக்கிறவன் ஒருவன் இருக்கிறான். இளையவன், தைரியசாலி. அவனைத்தான் கூட்டிவரப் போயிருப்பார். அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். டீராவிடம், நாளை வீட்டிலேயே இரு என்றேன். மூவாயிரம் பேருக்கு யார் காபி ஊற்றுவது என்று கேட்டாள்.

பிப்ரவரி 10, ஞாயிறு

பத்து மணிக்கே போனேன். தெற்கு மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. ஐம்பது அடிக்கு ஒருவராக ஆலை ஆட்கள் தள்ளி நின்றுகொண்டிருந்தார்கள். பீலுண்ட் தாளை நீட்டினார். 'பார்வையாளர் அனைவரும் வடகரை மண்ணில் மட்டும்' என்று எழுதி அதன் கீழே கையெழுத்திட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீராவின் மேசையையும் கரைக்கு மாற்றியிருந்தார்கள்.

வடகரையில் வெயில் நேரே கண்ணில் அடித்தது. மூவாயிரம் பேர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு என்னைத் திட்டினார்கள். தோல்பையும் அதற்குள் சாராயம் கலந்த காபிப் பிளாஸ்க்குமாக வந்த ஒருவர், பக்கத்தில் நின்றவரிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "கண்ண மூடிக்கிட்டு ஆட்டம் பாக்கவா நாலு மணி நேரம் பஸ்ல வந்தோம்? இங்க ஈரக்கால்னு சொல்றாங்களே, அந்தாளுக்கு இனிமே வெயில்கூட வழுக்கும்."

முதல் பாதி முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் பாதியும் அப்படியே ஓடியது. காலி மேடு வெயிலில் பளபளவென்று கிடந்தது. அது உடையட்டும் என்று நான் மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கெஞ்சினேன்.

பின்லாந்து நாலு, நார்வே இரண்டு. கூட்டம் பஸ்களுக்கு நடந்தது.

கால்மணி நேரம் கழிந்திருக்கும். நார்வேக்காரர்கள் கரையில் சறுக்குக் காலணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு கனமான கதவைச் சாத்தியதுபோலச் சத்தம். தெற்கு மேட்டின் நடுப்பகுதி, அவசரமே இல்லாமல், கீழே இறங்கியது. சாம்பல் நிறத் தண்ணீர் மேலே வந்து மூடிக்கொண்டது. கயிற்றுக் கம்பு ஒன்று சாய்ந்து மிதந்தது. பார்த்தவர்கள் நாற்பது பேர் இருப்போம். டீரா காபிக் கெட்டிலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அவள் வழக்கமாக மேசை போடும் இடம் அது.

ஒரு மனிதர்கூட இல்லாமலே இறங்கிவிட்டது.

பிப்ரவரி 11, திங்கள்

மைனஸ் நான்கு. அளக்கப் போகவில்லை.

காலையில் பீலுண்ட் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்று, கயிற்றுக்கும் கம்புக்கும் ஆன செலவைச் சொல்லிக்கொண்டிருந்தார். டீரா சமையலறைக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு நீச்சல் தெரியாது வாத்தியாரே. தண்ணின்னாலே உள்ள நடுங்கும். இருபது வருஷமா நீங்க கையெழுத்துப் போட்ட தாள முதல்ல பாத்துட்டுத்தான் நான் ஏரில கால வைக்கறேன். பயந்தாங்கொள்ளின்னு தெரிஞ்சா ஆலையில எவன் என் பேச்சக் கேப்பான்? அதான் சிரிச்சுச் சிரிச்சு ஓட்டறேன்."

காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடித்தார், நின்றபடியே.

முதல் நாள் பட்டியலில் பீலுண்டைப் பற்றிய மூன்றாவது குறிப்பு தவறு.