பிறிஜெற்றின் பென்சில்

1992 ஓகஸ்ட் 3

இன்றும் முழுக்க அடையாள அட்டைப் படம்தான். இரண்டு காதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது, சிரிக்கக்கூடாது. கொட்டாஞ்சேனையில் பாதிப் பேரை இப்படி அப்பளமாய்த் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். இந்த மாதம் வெள்ளவத்தை மண்டபத்தில் என் கண்காட்சி நடக்கட்டும். பெயர் 'பாதி முகம்'. ஜன்னலோரத்தில் எடுத்தவை: ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் கும்மிருட்டு. சூசைதாசனும் கலைஞன்தான் என்று ஒருவனாவது சொல்லிவிட வேண்டும்.

ஓகஸ்ட் 18

நாளை நுகேகொடையில் கல்யாண வேலை. கண்காட்சிப் படங்களைப் பெரிதாக அச்சிடும் வேலையை மனைவி பிறிஜெற்றிடம் ஒப்படைத்தேன். நெகட்டிவில் பென்சில் தீட்டிய இடம் படத்தில் வெளுத்துவிடும்; அப்படிப் பரு, தழும்பு எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. "இது என்ர உயிர், கவனமாச் செய்யும்" என்றேன். "ஓம், ஓம்" என்றாள்.

ஓகஸ்ட் 22

அட கடவுளே.

அதே நாள், பின்னேரம்

இப்போது எழுத முடிகிறது. காலையில் மண்டபத்தில் படக் கட்டைப் பிரித்தால், ஒரு முகத்திலும் நிழல் இல்லை! எல்லாருக்கும் இரண்டு கன்னமும் பளபளவென்று! "பிழை கனக்க இருந்தது. எல்லாத்தையும் எடுத்திட்டன்" என்று பிறிஜெற் பெருமையாக நின்றாள். கதவு திறக்கும் நேரம். மாட்டினோம், வேறென்ன செய்ய?

பத்திரிகையில் ஓவியம், படம் பற்றி எழுதும் றேமண்ட் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஐசே, வெளிச்சம் சரி. நிழல் எங்க?" என்றான். நான் கூரையைப் பார்த்தேன். மற்றவர்களோ ஒரே புகழ்ச்சி. பக்கத்து வீட்டு ஹெக்டர் தன் படத்தின் முன்னால் நின்று, "அடையாள அட்டைக்கு இதில ரெண்டு கொப்பி போட்டுத் தாங்கோ" என்றார். அவருக்குப் பின்னால் வரிசை.

ஓகஸ்ட் 23

கத்தினேன். என்ன பொம்பிளையடி நீ, ஒரு மனிசன்ர கனவை ஒரு பென்சிலால அழிச்சிட்டியே — இன்னும் என்னவெல்லாமோ.

நான் முடிக்கும்வரை பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். பிறகு, "செபஸ்தியனை எதுக்குப் பிடிச்சவங்கள் எண்டு மறந்திட்டீங்களா?" என்றாள். அவள் தம்பி. யாரோ எடுத்த அட்டைப் படத்தில் பாதி முகம் கறுப்பு. சோதனைச்சாவடியில் நின்ற ஆமிக்காரன், இது நீயில்லை என்று பிடித்துக்கொண்டு போய்விட்டான். வீடு வந்து சேர ஒரு கிழமை ஆயிற்று. "இருட்டு விழுந்த முகத்தைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்குதில்லை."

கோபம் போகவில்லை. வெட்கமும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

ஓகஸ்ட் 27

றேமண்ட் ஒரு வரியும் எழுதவில்லை. ஸ்டூடியோ வாசலில் மட்டும் சனம். 'கண்காட்சி முகம்' வேண்டுமாம்.

செப்டெம்பர் 6

பூசை முடிந்து வந்ததும் பிறிஜெற் தானாகவே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "உங்கட மாதிரி ஒண்டு எடுங்க. பாதி முகம் இருட்டாவே கிடக்கட்டும்." பிறகு, "அடையாள அட்டைக்கும் ஒண்டு" என்றாள். இரண்டும் எடுத்தேன்.

முதல் நெகட்டிவைப் பென்சிலும் கையுமாக நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் கிட்டப் போய்த் திரும்பியது. தொடவில்லை.

அட்டைப் படத்தில் மூக்கடியில் கடுகளவு நிழல் இருந்தது. பென்சிலை வாங்கி அதை நானே எடுத்தேன்.