கார் ஷெட் பக்கத்துச் சுவர்

அக்டோபர் 3, வியாழன்

ரெய்னோ அண்ணன் வர ஒத்துக்கொண்டுவிட்டான். மூன்றாவது தடவை கேட்டபோதுதான். முதல் தடவை, "எதுக்கு உனக்குத் தொந்தரவு" என்றான். இரண்டாவது தடவை, "எனக்கு இங்கயே பழகிடுச்சு." மூன்றாவது தடவை போனில் ரொம்ப நேரம் இருமிவிட்டு, "நவம்பர் கடைசியில வரட்டுமா?" என்றான். மினசோட்டாவில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் இதே வியாதி. காபி வேண்டுமா என்று கேட்டால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் கோப்பையை நீட்ட வேண்டும். முதல் தடவையே நீட்டினால் அலைகிறவள் என்று பெயர்.

கார் ஷெட்டை ஒட்டின சாமான் அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுக்கிறோம். ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை. ஆக்சிஜன் மிஷின் ராத்திரி பகலாக ஓடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நெருப்பே கூடாதாம். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? இரண்டு கார், பெட்ரோல் கேன்கள், கொழுந்தன் ஆர்லன் வருஷம் பூரா வெல்டிங் பற்றவைத்துப் பழுது பார்க்கிற அவனுடைய பனி வண்டி.

அக்டோபர் 8, செவ்வாய்

மரக்கடைக்குப் போனேன். சுவருக்கு அடிக்கிற ஜிப்சம் பலகை எல்லாம் ஒன்றுதான் என்று ஐம்பத்தாறு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். படுக்கையறைச் சுவருக்குச் சாதா வெள்ளைப் பலகை போதும். மேல்கூரைக்கு விறைப்பானது வேண்டும். குளிருக்காக மேலே பஞ்சு கொட்டுகிறோமே, அந்தக் கனத்தில் சாதாப் பலகை தொப்பை போட்டுவிடும். குளியலறைக்கு ஈரம் தாங்குகிற பச்சைப் பலகை. ஆனால் ஷவர் தண்ணீர் நேராக விழுகிற இடத்தில் பச்சையும் உதவாது, சிமெண்ட் பலகைதான். "வெளிச்சுவர்ல குளிருக்கு பிளாஸ்டிக் ஷீட் அடிச்சிருப்பீங்க இல்ல? அதுக்கு மேல பச்சையைப் போட்டு டைல்ஸ் ஒட்டிட்டா, உள்ள போன ஈரத்துக்கு வெளிய வர வழியே கிடையாது. மக்கிடும்" என்றாள்.

கார் ஷெட்டுக்கும் அறைக்கும் நடுச் சுவருக்கு, ஷெட் பக்கம், தீ தாங்குகிற தடிப் பலகை. உள்ளே கண்ணாடி நார் கலந்திருக்குமாம். ஒரு ஆளால் தூக்க முடியாத கனம். "நெருப்பை அணைக்காது. ஆளை வெளிய கூட்டிட்டு வர நேரம் குடுக்கும்" என்றாள். அந்த நேரம்தான் எனக்கு வேண்டும். ரெய்னோவால் நின்று மூச்சு வாங்காமல் பத்தடி நடக்க முடியாது.

எல்லாவற்றுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கக் கடைக்குப் போன் பண்ணினால், ஆர்டர் ரத்தாம். "உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார்" என்கிறாள்.

மெர்வினைக் கேட்டேன். ஆர்லன் ஏதோ கட்டட வேலையில் மிஞ்சின பலகை வைத்திருக்கிறானாம், சும்மாவே கொண்டுவந்து அடித்தும் கொடுக்கிறானாம். என்னிடம் ஒரு வார்த்தை? "நீ கோவிச்சுக்குவியேன்னுதான் சொல்லல." கோபப்படுவேன் என்று தெரிகிறது. தெரிந்தே செய்திருக்கிறான். அப்படியென்றால் என் கோபத்துக்கு இந்த வீட்டில் என்ன மரியாதை? பேசாமல் படுத்துவிட்டேன். பேசியிருந்தால் நாறியிருக்கும்.

அக்டோபர் 19, சனி

ஆர்லன் இரண்டு நண்பர்களோடு வந்தான். நான் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஹாட்டிஷ் வேகவைத்து, லெமன் பார் என்கிற எலுமிச்சை இனிப்பைச் சுட்டு, காபியைத் தீராமல் பார்த்துக்கொண்டேன். சும்மா வந்து வேலை செய்கிறவர்களுக்கு வயிறு நிறையப் போட வேண்டும், குறை சொல்லக் கூடாது. இங்கே அதுதான் கூலி.

ஷெட் பக்கத்துச் சுவருக்கு ஆர்லன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசிலடித்தபடி வந்தான். ஒற்றை ஆள். சுவிட்சுக்கு வெட்டின ஓட்டையில் விரலை வைத்துத் தடிமன் பார்த்தேன். சாதாப் பலகை. ஷவர் பக்கம் போனால் பச்சை, பிளாஸ்டிக் ஷீட்டுக்கு மேலேயே. சாயந்திரத்துக்குள் இணைப்பெல்லாம் டேப் ஒட்டி, பட்டி பூசி முடித்துவிட்டான்.

கேட்டேன். சிரித்தான். "பலகை பலகைதான் அண்ணி. பெயிண்ட் அடிச்சிட்டா எல்லாம் ஒரே வெள்ளை. ஒண்ணும் ஆகாது."

அக்டோபர் 20, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

காபி குடிக்க வந்து உட்கார்ந்தபோது ஆர்லன் கேட்டான்: "மனசுக்குப் பிடிக்கலைன்னா சொல்லுங்க அண்ணி, அந்தச் சுவரைப் பிரிச்சிடறேன்." நான் என்ன சொன்னேன்? "ஐயோ, வேண்டாம். இவ்வளவு பாடுபட்டிருக்கே." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நிஜமாவா? நாளைக்கே பண்ணிடலாம்" என்றான். "பரவாயில்ல, இருக்கட்டும்" என்றேன். அப்புறம் காத்திருந்தேன். மூன்றாவது தடவை கேட்பான், சரி என்று சொல்லலாம் என்று. அவன் தட்டில் கடைசியாக இருந்த லெமன் பாரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். கடைசித் துண்டை யாரும் எடுக்கவே மாட்டார்கள் இங்கே! அதையும் எடுத்துக்கொண்டு, கேட்க வேண்டியதையும் கேட்காமல் எழுந்து போய்விட்டான்.

எனக்கு அவன்மேல் கோபமா, என் வாய்மேல் கோபமா? இரண்டும்தான். கிண்ணங்களைக் கழுவும்போது ஒன்றை உடைத்தேன். வேண்டுமென்றேதான்.

அக்டோபர் 21, திங்கள்

ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது. இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு ஏன் பற்றி எரிகிறது என்று யாருக்கும் புரியவில்லையா, இல்லை புரியாத மாதிரி நடிக்கிறார்களா?

ரெய்னோ இரும்புச் சுரங்கத்தில் கல் அரைக்கிற இடத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தான். மேஸ்திரி சொன்னது இதேதான்: வெறும் தூசி, ஒண்ணும் ஆகாது. அவனும் கேட்டிருக்க மாட்டான். கூட வேலை பார்த்தவன் ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் நல்லவங்க, யாரையும் சங்கடப்படுத்த மாட்டாங்க. இப்போ அவன் நுரையீரல்ல பாதி கல்லாக் கெடக்கு. அந்தச் சங்கடப்படாத நல்லவங்கள்ல ஒருத்தர் வந்து அவனுக்கு மூச்சு விட்டுக் குடுப்பாங்களா?

அக்டோபர் 27, ஞாயிறு

ஷவரில் டைல்ஸ் ஒட்டியாயிற்று. ஆர்லன் கை சுத்தமான கைதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வரிசை பிசகவில்லை. உள்ளே மக்கப்போகிறதற்கு மேலே எவ்வளவு அழகு.

மெர்வினிடம் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். தம்பியிடம் சொல்லு, கார் ஷெட் சுவரையாவது மாற்றட்டும் என்று. "சும்மா செஞ்சு குடுத்தவன்கிட்ட எப்படிச் சொல்றது ஐலி?" என்றான். சொல்லத்தான் வாய் இருக்கு என்றேன். டி.வி. சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

நவம்பர் 2, சனி

மெர்வின் ஒரு வாரமாகப் புது ஷவரில்தான் குளிக்கிறான், அருமை என்கிறான். நான் அவனோடு நேற்றிலிருந்து பேசவில்லை. அவனுக்கு அது தெரிந்ததா என்றே தெரியவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சனிக்கிழமை மான் வேட்டை ஆரம்பம். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் இந்த ஊரில் ஆம்பளை வாசனையே இருக்காது. மெர்வினும் ஆர்லனும் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சுக் கோட்டுகளை வெளியே எடுத்து உலர்த்திவிட்டார்கள். காட்டுக் குடிசையில் சிக்னல் கிடையாது. செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார்கள்.

மரக்கடைக்குப் போன் பண்ணினேன். அதே ஆர்டர், ரத்துப் பண்ண யார் கூப்பிட்டாலும் கேட்காதே என்றேன். அந்தப் பெண், "சனிக்கிழமை லாரி ஓட்ட ஆள் இருக்க மாட்டாங்க. நானே ஓட்டிட்டு வரேன்" என்றாள்.

நவம்பர் 9, சனி

உடைத்தேன்.

காலையில் காபி குடித்துவிட்டு, மெர்வினின் பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குள் போனேன். முதல் அடி பயந்து பயந்து. பலகை வெறுமனே குழிந்தது. இரண்டாவது அடியில் ரெய்னோவை நினைத்தேன். மூன்றாவது அடியில் அந்தக் கடைசி லெமன் பாரை நினைத்தேன். அதுக்கப்புறம் நிறுத்த முடியல. வெள்ளைத் தூசி முகமெல்லாம். ஓன்னு அழுதேனா, கத்தினேனா, தெரியல. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறதை நிறுத்திடுச்சு.

நடுவில் வாசலில் நிழல் தட்டியது. மார்லிஸ். ஆர்லனின் மனைவி, என் ஓரகத்தி. கேக் அச்சு இரவல் கேட்க வந்திருக்கிறாள். அவள் புருஷன் அடித்த சுவர் என் காலடியில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. நான் எதையாவது சொல்லி மழுப்பலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவள் ஓர் உடைந்த துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். ஓரத்தின் தடிமனை விரலால் அளந்தாள். "எங்க வீட்டுக் கார் ஷெட் சுவரும் இவர் போட்டதுதான் அக்கா" என்றாள். "பிள்ளைங்க ரெண்டும் அதுக்கு மேல மாடியிலதான் தூங்குதுங்க."

வண்டிக்குப் போய்ச் சின்னக் கடப்பாரை ஒன்றை எடுத்துவந்தாள்.

ஷவர் பக்கம் அவள்தான் முதலில் கை வைத்தாள். டைல்ஸோடு பலகை பெயர்ந்து வந்தது. அதன் முதுகு ஈரம். பிளாஸ்டிக் ஷீட்டில் முத்து முத்தாகத் தண்ணீர். மெர்வின் இரண்டு வாரம்கூடக் குளிக்கவில்லை அதில்.

நவம்பர் 10, ஞாயிறு

தடிப் பலகை ஒவ்வொன்றும் பிணம் மாதிரி கனம். மார்லிஸ் ஒரு முனை, நான் ஒரு முனை. கீழே கட்டையைப் போட்டுக் காலால் மிதித்துப் பலகையைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று மரக்கடைப் பெண் நேற்றுப் பலகை இறக்கும்போது சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஸ்க்ரூ பாதி கோணல். எனக்கு முதுகு போச்சு. ஷவருக்குச் சிமெண்ட் பலகையும் அடித்துவிட்டோம். டைல்ஸ் ஒட்டத் தெரியாது, அது அப்படியே நிற்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது. செய்த வேலைக்காக இல்லை, செவ்வாய்க்கிழமைக்காக.

நவம்பர் 12, செவ்வாய்

வந்தார்கள். இரண்டு மான்.

மெர்வின் காரை ஷெட்டுக்குள் விட்டுவிட்டு, இன்ஜினை அணைத்து, இறங்காமல் விளக்கு வெளிச்சத்தில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் படியில் நின்றேன். எனக்கு ஆயிரம் வார்த்தை தயாராக இருந்தது. கடைசியில் இறங்கி வந்து, கோணலான ஸ்க்ரூ ஒன்றைத் தடவிப் பார்த்தான்.

"கனமா இருந்திருக்குமே" என்றான்.

"கூப்பிட்டா வந்திருப்பியா?" என்று கேட்டேன். அவன் காது சிவந்துவிட்டது. என் ஆயிரம் வார்த்தையும் அப்படியே கிடக்கிறது, அவன் செய்த ஒன்றைக்கூட நான் மன்னிக்கவில்லை.

பின்னாலேயே ஆர்லன். விரல் முட்டியால் சுவரைத் தட்டினான். "இதை இன்னொரு முனையில யாரு பிடிச்சா?"

"உன் பெண்டாட்டி" என்றேன்.

அவன் மானை இறக்கப் போய்விட்டான்.

நவம்பர் 16, சனி

ஆர்லன் தனியாக வந்தான். சமையலறை வாசலிலேயே நின்றான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.

"ஷவருக்கு டைல்ஸ் நான் ஒட்டித் தரட்டுமா அண்ணி?"

"ஒட்டு" என்றேன்.

அவன் அசையவில்லை. நான் வேண்டாம் என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தான் பாவம், இரண்டாவது தடவைக்கு வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருப்பான். "ஷெட் பக்கம் பட்டியும் நீதான் பூசணும்" என்றேன். "பனி வண்டியையும் வெல்டிங் சாமானையும் உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு."

எடுத்துக்கொண்டு போனான். நான் லெமன் பார் சுடவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

ரெய்னோ வந்துவிட்டான். போன தடவை பார்த்ததைவிட இளைத்திருக்கிறான், சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடுகிறது. மிஷினை மெர்வின்தான் சுமந்து வந்து கட்டில் பக்கத்தில் வைத்தான்.

அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணன் மெதுவாகக் கார் ஷெட் பக்கம் எட்டிப் பார்த்தான். கல்லில் வேலை செய்தவன், சுவரை ஒரு தட்டுத் தட்டினதுமே தெரிந்துவிட்டது அவனுக்கு.

"இவ்வளவு தடியா எதுக்கு? ஒண்ணும் ஆகாதுன்னு உனக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"உடைச்சேன்."

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். மூச்சு திரும்பினதும் அவன் சொன்னது: "அங்க சுரங்கத்துல உன்னை மாதிரி ஒருத்தி இருந்திருக்கலாம்."

நான் எழுந்து போய்த் துணி துவைக்கிற மிஷின் பக்கத்தில் நின்று அழுதேன்.

ஜனவரி 17, வெள்ளி

ஏரி நன்றாக உறைந்துவிட்டது. மெர்வினும் ஆர்லனும் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும். ரெய்னோ ஜன்னலோரம் சீட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் மார்லிஸ் போன் பண்ணினாள். சுற்றி வளைத்துப் பேசினாள். பனி ரொம்ப என்றாள், பிள்ளைகளுக்குச் சளி என்றாள். அப்புறம், "மரக்கடைப் பொண்ணு நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்கு லாரி எடுத்துட்டு வரா. உங்களுக்கு வேற வேலை இல்லைன்னா..."

அவள் முடிக்கவில்லை. "வரேன்" என்றேன்.