ஹாஸ்டல் அக்காவுக்குப் பின்னிய ஸ்வெட்டர்

கம்போங் ராஜா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் லிங்காவுக்கு அம்மா எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கதவு ஆணியில் தொங்கிய செவ்வந்தி மாலையை எடுத்து, நூலை மட்டும் உருவிக்கொண்டு, பூக்களைச் சவ்சவ் கொடியின் அடியில் கொட்டினேன். இந்தக் குளிரில் பூ லேசில் வாடுவதில்லை, போன ஞாயிற்றுக்கிழமை மாலை அது, இன்னும் பாதிப் பூ அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ நலமா, இடது முழங்காலை மடக்கும்போது இன்னும் வலிக்கிறதா, அங்கே குளிர் குறைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு மற்றதை எழுதுவதுதான் முறை, கேட்டுவிட்டேன். என்னைப் பற்றிச் சொல்வதென்றால் சளி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆபீசுக்குப் போய் வருகிறேன், அவ்வளவுதான். மாமா மகள் தனுஜாவுக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கோலா தெர்லா பக்கம் மறுபடி மண் சரிந்து மாமாவின் லோரி பாதி நாள் ரோட்டிலேயே நின்றது. நீ விட்ட அழைப்புகளை நான் எடுக்கவில்லை. போனில் எழுதினால் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பி முடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம். ஆறு வருடம் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், மெதுவாக எழுத்துக் கூட்டியாவது முழுவதையும் படி.

அந்த மாலையை என் கழுத்தில் போட்டது தில் பகதூர். அவனும் அவனோடு தேயிலை வெட்டுகிற நேப்பாளப் பையன்கள் ஏழெட்டுப் பேரும் திரிங்காப் பூத்தோட்டத்தில் கழித்துப் போட்ட செவ்வந்தியைக் கேட்டு வாங்கி, மாலை கட்டி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் மழையில் நனைந்தபடி வாசலில் வந்து நின்றார்கள். அக்கா, நம்ம லிங்கா நேசனல் டீம்லா, நேசனல் டீம் என்று அவன் கத்தினான். ஒரு நொடி நான் நம் நாட்டுப் புட்பால் டீம் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். நீ என்னிடம் சொல்லாமல் கடைசியில் சொல்லி ஆச்சரியப்படுத்தப் பார்த்திருக்கிறாய் என்று நினைத்தேன். அதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. பிறகுதான் அவன் நேப்பாள் நேப்பாள் என்று நெஞ்சில் தட்டிக்கொண்டு, என்னக்கா, ஒங்களுக்குத் தெரியாதா என்று போனை என் கையில் கொடுத்தான்.

அந்த ஊர்ச் சேனல் ஒன்று எடுத்த படம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மளிகைக் கடை, அதன் பின்னால் வீடு. உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது, ஒரு தோளை இறக்கி நிற்கிற அந்த நிலை மட்டும் மாறவில்லை, இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. உன் புது நேப்பாளப் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் காட்டினார். நீ கீழே பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். வீட்டைவிட்டுப் புறப்படுகிற பிள்ளைக்குப் பெரியவர்கள் அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்து நெற்றியில் வைத்து அனுப்புவது அவர்கள் வழக்கமாம், தில் பகதூர் சொன்னான். ஒரு அம்மாள் குனிந்து உனக்கு அதை வைத்தார். அப்போதுதான் அவர் கை திரைக்கு நடுவில் வந்தது. நீல ஸ்வெட்டர், கைமுனை மட்டும் சாம்பல் நிறம்.

உலகத்தில் நீல ஸ்வெட்டர் எத்தனையோ இருக்கும் லிங்கா. நீல நூல் போதாமல், அதே நிறம் தேடி மாமா ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்கிக் கிடைக்காமல், கடைசியில் நீ பள்ளிக்குப் போட்டுப்போன சாம்பல் ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில் கைமுனை முடித்தது ஒன்றுதான் இருக்கும். அதை யாருக்குப் பின்னினேன் என்று உனக்குத் தெரியும். ஹாஸ்டல் அக்காவுக்கு. நேப்பாளத்துக்குக் கிளப் ஒன்றில் புட்பால் ஆடப் போன நாளிலிருந்து வாரம் தவறாமல் போனில் நீ சொன்ன கிளப் ஹாஸ்டல் அக்கா. உனக்குப் பருப்பு பிடிக்காது என்று தனியாக உருளைக்கிழங்கு வதக்கிக் கொடுத்தவர், மழைக்காலத்தில் உனக்கு டைபாய்டு வந்தபோது விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவர். அந்த அக்கா மட்டும் இல்லன்னா செத்துருப்பேம்மா என்றாய். முகம் தெரியாத ஒரு பெண்ணை நினைத்து நான் இங்கே சாமி படத்தின் முன் நின்று அழுதேன். தில் பகதூர் லீவில் ஊருக்குப் போனபோது ஸ்வெட்டரையும் நம் தோட்டத்துத் தேயிலையையும் கட்டிக் கொடுத்தனுப்பினேன். நீ கிளப் கேட்டிலேயே வந்து வாங்கிக்கொண்டு, ஹாஸ்டல்ல வெளி ஆள விடமாட்டாங்கண்ணே என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட்டாய். ஹாஸ்டலே இல்லை, நீ அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறாய்.

படத்தில் அந்த அம்மாள் மைக்கைப் பார்த்து ஏதோ சொன்னார். அதுவரை வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்த தில் பகதூர் அங்கே நிறுத்திவிட்டான். நெட் சரியில்லக்கா, சத்தம் வெட்டுது என்றான். நெட் நன்றாகத்தான் இருந்தது. மீதியையும் சொல்லு தம்பி என்று நான் விடாமல் கேட்ட பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், அம்மா இல்லாத புள்ள, எனக்குக் கடவுள் குடுத்தாருன்னு சொல்றாங்கக்கா என்றான். மாலை அப்போதும் என் கழுத்தில்தான் இருந்தது. பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் உள்ளே போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தேன். சீனி போட மறந்துவிட்டேன். ஒருத்தனும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனார்கள்.

நீ வேறு நாட்டுக்கு விளையாடுகிறாய் என்பதற்காக இதை எழுதவில்லை. அதற்காகக் குதிக்கிறவர் மாமா. நம்ம திடல்ல ஒதச்சுக் கத்துக்கிட்டு நமக்கே கோல் போட வருவானா, வரட்டும்லா, மொத ஆளா நின்னு ஊளை விடுறேன் என்கிறார். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது போனில் உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா, ஒம்மகன் இப்ப பாரினராம்ல மலரு, லெவி கட்டுனாத்தான் வீட்டுக்குள்ள விடுவியா என்று கேட்டார். பாரின் தொழிலாளிகளுக்கு லெவி வரி கட்டிப் பெர்மிட் புதுப்பிக்கிற தோட்ட ஆபீஸ் கிராணி என்னிடம் கேட்கிற கேள்வியா அது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நம் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுக்காமல் அந்தப் பாஸ்போர்ட் உனக்குக் கிடைத்திருக்காது, இருபத்தொரு வயதானால்தான் அதை விட்டுக்கொடுக்க விடுவார்கள், அது வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாய். அந்தப் பிறந்தநாளுக்கு நான் கோயிலில் அர்ச்சனை செய்து பிரசாதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன், நீ இதயம் போட்டாய். உன் அப்பா இந்த ஊருக்கு வேலைப் பெர்மிட்டில் வந்தவர். நீ இனி உன் அம்மா வீட்டுக்கு விசாவில் வரவேண்டும்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே ஜூனியர் டீமில் உன்னைக் கழித்த அன்று மாமாவின் லோரியில் வீடு வரும்வரை பூட்சைக்கூடக் கழற்றாமல் வந்தாய். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் நேப்பாளி நேப்பாளி என்று கூப்பிட்டபோது அடித்துவிட்டு வந்து நின்றாய். வாழ்நாள் முழுக்க வாசலிலேயே நிற்க வைக்கப்பட்டவனை ஒரு வீடு உள்ளே வா என்றால் போகத்தான் தோன்றும். கேட்டிருந்தால் இரண்டு நாள் அழுதிருப்பேன், மூன்றாம் நாள் நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன். உன் அப்பா பெர்மிட் முடிந்து போனபோது உனக்கு நாலு வயது. பெர்மிட்டில் வந்தவர் இங்கே கல்யாணம் செய்யக்கூடாது, கோயிலில் கட்டிய தாலி அரசாங்கத்துக்குக் கணக்கில்லை. அங்கே அவருக்கு முன்பே ஒரு மனைவி இருந்தது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினைந்து வயதில் நீ கேட்டபோது இதில் ஒன்றையும் உன்னிடம் ஒளிக்கவில்லை. அவரைத் தேடாதே என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் ஏமாற்றியதாவது கடல் தாண்டிப் போன பிறகு பேச்சை நிறுத்தி ஏமாற்றியது. நீ வாரா வாரம் சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டுக்கொண்டே ஏமாற்றினாய்.

நீ அனுப்பிய குரல் பதிவையும் கேட்டேன். அம்மா இல்லன்னது பேப்பர் வேல சீக்கிரம் முடியறதுக்கு அப்பா சொன்னதும்மா, பெரிசா எடுத்துக்காதீங்க என்கிறாய். நான் செத்துப்போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அதோடு விடவில்லை. மொத மேட்சுக்கு வாங்கம்மா, டிக்கெட் நான் போடறேன், ஆனா வீட்டுக்கு வேணாம், ஹோட்டல்ல தங்கிக்கலாம், அவங்க மனசு கஷ்டப்படும் என்கிறாய். அந்த அம்மாள் மனசு கஷ்டப்படக்கூடாது என்று நினைக்கிற அளவுக்கு நீ வளர்ந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த வளர்ச்சியில் என் பங்கும் கொஞ்சம் உண்டு என்று யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

முதல் இரண்டு நாள் அந்த அம்மாள் மேல் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி வாங்கி வந்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஹாஸ்டல் பொய்யாக இருந்தாலும் ஈரத்துணி பொய் இல்லை. தன் புருஷன் வேறு நாட்டில் வேறொருத்தியிடம் பெற்ற பிள்ளைக்கு விடிய விடிய விழித்தவர் அவர். உன் அப்பா எங்கள் இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் ஏமாற்றினார், இப்போது நீயும் அதையே செய்கிறாய். ஸ்வெட்டர் யார் கொடுத்தது என்று அவரிடம் என்ன சொன்னாய்? கடையில் வாங்கியது என்றா? கைமுனை ஏன் வேறு நிறம் என்று அவர் கேட்கவில்லையா? பின்னத் தெரிந்த பெண்ணாக இருந்தால் கட்டாயம் கேட்டிருப்பார்.

சரி, மனது ஆறவில்லை என்றாலும் வாழ்த்தாமல் கடிதத்தை மூடக்கூடாது. எந்தச் சட்டையைப் போட்டு ஓடினாலும் உன் காலுக்கு ஒரு குறையும் வராமல் மாரியாத்தா துணை நிற்கட்டும். உள்ளே மடித்த தாளில் திருநீறு இருக்கிறது, அந்தக் குங்குமத்துக்கு மேலே இடம் மிச்சமிருந்தால் இட்டுக்கொள். ஆட்டத்துக்கு முன் முழங்கால் பட்டையைக் கட்ட மறக்காதே. ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் நனைக்கக்கூடாது, சுருங்கிவிடும், கைமுனை பழைய நூல், முறுக்கிப் பிழிந்தால் அறுந்துபோகும். அதை அந்த அம்மாளிடம் சொல்லிவிடு.

இன்னொன்று இருக்கிறது, இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னால் தடுப்பார், ருக்குமணி அக்காவிடம் சொன்னால் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போகிறேன் என்று தோட்டத்து மேனேஜர் துரையிடம் லீவு சொல்லிவிட்டு, ஈப்போவுக்குப் பஸ் ஏறிப்போய்ப் பாஸ்போர்ட் எடுத்து வந்தேன். பொய் சொல்வது நினைத்ததைவிடச் சுலபமாகத்தான் இருக்கிறது. உன் டிக்கெட் வேண்டாம், ஹோட்டலும் வேண்டாம், ஆட்டம் பார்க்கவும் வரவில்லை. அந்தக் கடை எந்த பஸ் நிற்கிற இடத்தில் என்று தில் பகதூரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்திருக்கிறேன். அங்கே போய் அந்த அம்மாளின் கையைப் பிடித்து, இந்த ஸ்வெட்டரைப் பின்னியவள் நான், என் பிள்ளையைக் காப்பாற்றினீர்கள் என்று சொல்லப்போகிறேன். உன் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த நாலு வார்த்தை நேப்பாளப் பேச்சு அதற்குப் போதும். என்றைக்கு வருவேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ அங்கே எந்த வீட்டில் இருந்தாய் என்று எனக்குச் சொன்னாயா? நான் வருவதற்குள் உன் வாயால் நீயே அவரிடம் சொல்லியிருந்தால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சொல்லவில்லை என்றால், கதவைத் திறக்கும்போது அவரே தெரிந்துகொள்ளட்டும்.

உயிரோடு இருக்கும் உன் அம்மா,
மலர்