தாய் ஊசி

ஆமாம் அம்மா, பினாங்கில் தாய் ஊசி கிடைத்துவிட்டது. உங்கள் முட்டிவலி தேவலையா?

கெபாயாச் சட்டையின் முன்பக்கத்தைச் சேர்த்துக் குத்தும் மூன்று வைர ஊசிகளில், தொலைந்துபோன பெரிய தாய் ஊசியைப் போலவே இரண்டை எடுத்து வைத்தாள் கடைக்காரி.

"பளபளக்குதே, அது புதுசு. மங்கலா இருக்கறதுதான் பழைய வைரம், நோன்யா. யாருக்கு?"

"தங்கச்சி கல்யாணத்துக்கு."

"அவளுக்கு வித்தியாசம் தெரியுமா?"

"மின்னினா போதும் அவளுக்கு."

மிச்சமிருந்த சின்னப் பிள்ளை ஊசிகள் இரண்டையும் தங்கச்சி ஸ்வீ லானுக்கே கொடுத்தீர்கள். தேடும் வேலை மட்டும் எனக்கு. பொறாமைதான், மறைக்கவில்லை.

பெலாச்சான் சம்பல் அனுப்புங்கள். சின்ன போத்தல் போதும், சாப்பிடுவது நான் ஒருத்திதான். தபாலுக்கு நேரமாகிறது.

கிம் நியோ

பி.கு.: இரண்டையும் வாங்கினேன். மின்னுவதை ஸ்வீ லானுக்குப் பார்சல் கட்டினேன். மங்கலானதை என் கெபாயாவில் குத்திக்கொண்டேன்.