தள்ளவில்லை, பிடித்திருந்தேன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீயும் குட்டியும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சைக்கிள் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை லேசாக வலிக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே உலக சைக்கிள் பந்தயம் நடக்கிறது. இந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, காலையும் பெடலோடு பூட்டிவிடுவார்கள். அதனால் புறப்படும்வரை ஒருவர் சீட்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். எங்கள் அணியில் மெக்கானிக்கான நான்தான் பிடிப்பேன். பிடிக்கலாம், தள்ளக் கூடாது.

நேற்று அரையிறுதி. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கையை எடுத்தேன். எங்கள் அணி வீராங்கனை சிட்டாய்ப் பறந்தாள், முதலாவதாக வந்தாள். உடனே நடுவர் வந்து, "நீ தள்ளிவிட்டே, நான் பார்த்தேன்" என்கிறார்.

"சார், கையைத்தான் எடுத்தேன். வேணும்னா வீடியோவைப் போட்டுப் பாருங்க."

காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவளைப் பந்தயத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். எங்கள் பயிற்சியாளரோ அடுத்த பந்தயப் பட்டியலைப் புரட்டத் தொடங்கிவிட்டார். அவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதாள்.

உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது சீக்கிரம் விட்டுவிட்டேன் என்று நீ இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாய். இவர்கள் தள்ளிவிட்டேன் என்கிறார்கள். ஒழுங்காகப் பிடித்தான் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

வலிக்குப் போடும் அந்தத் தைலம் ஒரு பாட்டில் அனுப்பு. குட்டி சைக்கிள் பழகுகிறாள் என்று எழுதியிருந்தாய். சீட்டைக் கொஞ்சம் இறக்கி வை. இங்கே அணியின் பட்டறைக்கு நேரமாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் எழுது.

உன் வீட்டுக்காரன்