உன் பெயருக்கு நான் சொன்ன ‘இருக்கேன்’

அக்கா,

இன்று காலை ஈப்போ பசாரில் கருவாடு வாங்கினேன். கடைக்காரர் அதைப் பழைய பத்திரிகைத் தாளில் மடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் கருவாட்டு எண்ணெய் பட்டுப் பாதி எழுத்து மங்கிக் கிடந்தது. மங்காத பாதியில், சீமையில் இனிப் பெண்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு என்று போட்டிருந்தது. நீ இதற்கு என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. எனக்குச் சிரிக்க வரும், சிரிக்க வைக்க வராது. பூனை ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியதுகூட அது வாசலைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

அதிலிருந்து கை எந்த வேலையிலும் நிற்கவில்லை. உலை ஒருபக்கம் கொதிக்கிறது, நான் ஒருபக்கம் உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே உனக்கு எழுத்துத் தெரியாது. உனக்கு வந்த கடிதத்தையெல்லாம் வாசித்துக் காட்டியது நான்தான். இதை யார் வாசித்துக் காட்டப்போகிறார்கள் என்று கேட்காதே. எழுதாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் நமக்குப் பால் வெட்ட அடுத்தடுத்த மர நிரை, குடியிருக்க லயத்தில் அடுத்தடுத்த அறை. ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்துவிட்டுக் கப்பலேறியவள் என்பதால் எனக்கு நீ வைத்த பெயர் வேதக்காரி. மரம் வெட்டி முடித்து, பால் நிறுக்க ஸ்டோர் வாசலில் வாளியோடு வரிசையில் நிற்போமே, அப்போது கடையில் சீனி மடித்து வந்த தாளை மடியிலிருந்து எடுத்து நீட்டுவாய்.

“அடி வேதக்காரி, என்னதான் சொல்றான் இன்னிக்கு? படி, கேப்போம்.”

நான் வாசிப்பேன், நீ தீர்ப்புச் சொல்வாய். தாள் எப்போதும் ஒரு மாதம் பழசாக இருக்கும், பாதியில் கிழிந்தும் இருக்கும். கிழிந்த இடத்திலிருந்து செய்தியை நீ முடித்து வைப்பாய். பாகான் செராய்ப் பக்கம் எவனோ கோழி திருடி மாட்டிக்கொண்டான். என்ன தண்டனை என்று தெரிவதற்குள் தாள் தீர்ந்துவிட்டது. “கோழிக்காரியை அவனுக்கே கட்டி வச்சிட்டாங்க. அதுக்கு மேல என்ன தண்டனை இருக்கு?” என்றாய். சீமைப் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்கிறார்களாம் என்று வாசித்தால், “பேன் பாக்க ஆள் கிடைச்சிருக்காது, பாவம்” என்றாய். ரப்பர் விலை ஏறவேண்டும், அதனால் பாலைக் குறைத்து எடுக்கச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு போட்டதே, அன்றைக்குக் கங்காணி நமக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். தெரிந்தேதான் சொன்னாய்: “கொறச்சா மதிப்பு ஏறுமாம். கங்காணியாரும் பேச்சைக் கொறச்சுப் பாக்கலாம் லா.” அவரே சிரித்துவிட்டார்.

புத்திமதிக்கும் உன்னிடம் குறைவில்லை. “புருசன் கோவமா இருந்தா சோத்தைப் போட்டுட்டுப் பேசு. நீ கோவமா இருந்தா பேசிட்டுச் சோத்தைப் போடு.” இதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன், பலனும் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நீ சொன்னதில் பாதிக்குப் பாதி தப்பு. சிரித்துக்கொண்டே கேட்டதால் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும்தான்.

நம் தோட்டத்து டிரெசரை நீ விட்டதே இல்லை. லயத்துக்கே மருந்து கொடுக்கிற மனிதர் அவர் ஒருத்தர்தான். “தலைவலிக்கும் அதே பாட்டில், கால்வலிக்கும் அதே பாட்டில். மாமியார் வலின்னு போனாலும் அதையேதான் ஊத்துவாரு” என்பாய். ஈப்போ ஆஸ்பத்திரி என்றால் இன்னும் மோசம். “நடந்து போறவளைத் தூக்கிக்கிட்டில்ல வாராங்க!” லயமே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்தவர்கள் எல்லாரும் காய்ச்சல் வந்தால் கோணிக்குள் சுருண்டு ஒளிந்துகொண்டார்கள். எல்லார் வயிற்றிலும் இருந்த பயத்தைத்தான் நீ வேடிக்கையாகச் சொன்னாய் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

சரி, எங்கெங்கோ சுற்றுகிறேன். சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மழை வாரத்தில் உனக்குக் குளிர்காய்ச்சல். விடியுமுன் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்குக் கிளம்பும்போது உன் கதவைத் தட்டினேன். இரண்டு கோணிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாய். பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும்போதும் உனக்கு வாய் ஓயவில்லை.

“என் பேருக்கும் நீயே ‘இருக்கேன்’னு சொல்லிடுடி. அந்தாளு சீட்டுல என்னை ஏத்தி விட்டுடாதே. அந்த பாட்டிலைக் குடிச்சுச் சாகறதுக்குச் சும்மாவே சாகலாம்.”

சிரித்தேன், அக்கா. சிரித்துவிட்டுச் “சரிக்கா” என்றேன்.

பிரட்டுக் களத்தில் கணக்கெழுதுகிற கிராணி லாந்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். குரல் வராத பெயர்களைச் சீட்டில் எழுதி டிரெசரிடம் கொடுப்பார். டிரெசர் அந்தச் சீட்டோடு லயத்துக்கு வந்து, கதவு கதவாகத் தட்டி, காய்ச்சல்காரர்களைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். உன் பெயரைக் கூப்பிட்டதும் முக்காட்டை வாய்மேல் இழுத்துக்கொண்டு, உன் கட்டைக் குரலில் “இருக்கேன்” என்றேன். கிராணி தலையைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்துச் சிரித்தாள். எனக்கு ஒரே பெருமை. முதல்முறையாக நானும் ஒரு வேடிக்கை செய்துவிட்டேன் என்று.

என் நிரையோடு உன் நிரையிலும் பாதி வெட்டினேன். மத்தியானம் வந்தபோது நாலு வாய் கஞ்சி குடித்தாய். “தாள் ஏதாச்சும் வந்துச்சா?” என்று கேட்டாய். மறுநாளும் உனக்காகக் குரல் கொடுத்தேன். அன்று மத்தியானம் நீ தாளைப் பற்றிக் கேட்கவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும், தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் காலையிலும் ‘இருக்கேன்’ என்றேன்.

அன்று மத்தியானம் உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என்னை அம்மா என்று கூப்பிட்டாய்.

ஓடிப்போய் டிரெசரை அழைத்தேன். அவர் செருப்புக்கூடப் போடாமல் சேற்றில் ஓடிவந்தார். மாட்டுவண்டியில் உன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் நனைத்த துணியை உன் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டார். “சீட்டுல பேரே இல்லையேம்மா. காலையில பிரட்டுக்கு வந்தாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“வந்தாங்கய்யா” என்றேன்.

வண்டி ஈப்போவைத் தொடும் முன்பே நீ போய்விட்டாய். அந்த மனிதர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சீட்டை நம்பாம நான் லயத்தைச் சுத்திப் பாத்திருக்கணும். ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்” என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். நீ கேலி செய்த அந்த ஆள், அக்கா. உனக்காக அழுதவர் அவர்தான். என் பழியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

அடுத்த மாதமே என் வீட்டுக்காரரை நச்சரித்து ரயில்வே வேலைக்கு இழுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டேன். அந்தக் களத்தில் நின்று என் பெயருக்குக்கூட என்னால் குரல் கொடுக்க முடியவில்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டால் வேறு பாவமாகத் தேடித் தேடிச் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். இந்த ஞாயிறு டிரெசரைப் போய்ப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் சேலை மாற்றிக்கொள்கிறேன். பிறகு மழை வருகிறது, இல்லாவிட்டால் தலை வலிக்கிறது. சில நாள் உன்மேல் ஆத்திரமாக வருகிறது. ஏன் சொன்னாய்? நான் பயந்த கழுதை என்று தெரிந்தும் என்னிடம் ஏன் சொன்னாய்? உடனே, சொன்னவள் நடுக்கத்தில் சொன்னாள், கேட்டவளுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று என்னையே ஏசிக்கொள்கிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் மனம் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது.

போன மாதம் அடுத்த வீட்டுக்காரிக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளும் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். “ஆஸ்பத்திரியா? அங்க குடுக்கிற கஞ்சிக்குக் காய்ச்சலே மேல் லா” என்று இளித்தாள். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. வரிசை வீடெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினேன். தடுக்க வந்த அவள் புருஷனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். கட்டியிருந்த அழுக்குச் சேலையோடு, தலைகூட வாராமல், அவளை ரிக்‌ஷாவில் ஏற்றி இழுத்துக்கொண்டு போனேன். தெருவே வேடிக்கை பார்த்தது. வழியெல்லாம் அவள் என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை.

பிழைத்து வந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று என்னோடு பேசுவதில்லை. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வேண்டுமென்றே என் வாசல் பக்கமாகக் கொட்டுகிறாள். கொட்டட்டும். காலையில் அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதி. நீயும் அப்படி இருந்திருக்கலாம், அக்கா. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் டிரெசர் வந்து உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பார். காட்டிக்கொடுத்தவள் என்று என்னைத் தூற்றிக்கொண்டு, ஆயுள் முழுக்க என்னோடு பேசாமல், நீ அடுத்த அறையில் இருந்திருப்பாய்.